கடைசிப் பெயருக்கான பெட்டி

படிவத்தில் ஒரு பெட்டி வெறுமையாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. நான் மிகைப்படுத்தவில்லை. நான் அப்போது வேலை செய்த ரொறன்ரோ அஜின்கோர்ட் நூலகத்தில் ஜன்னலோரமாக ஒரு வட்ட மேசை இருந்தது. யாரோ ஒருவருடைய பென்ஷன் விண்ணப்பத்தை அதில் விரித்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவார். மத்தியானச் சாப்பாட்டுப் பொதி பைக்குள்ளே ஆறிக்கொண்டிருக்கும். கடைசிப் பெட்டியும் நிரம்பிய பிறகுதான் வெளியே பஸ் தரிப்பிடத்து வாங்கிலே போயிருந்து சாப்பிடுவார், பனி கொட்டினாலும்.

நான் புத்தகம் இரவல் கொடுக்கும் மேசையில் இருந்தேன். அந்தக் கிளையில் தமிழ் பேசுகிற ஆள் நான் ஒருத்திதான். அதனால் அவரைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் முதலில் என்னிடம் வந்து, "தங்கச்சி, அந்த ஃபோம் நிரப்புற அண்ணை வந்திட்டாரோ?" என்று கேட்பார்கள். அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். நான் அங்கிள் என்பேன். அவர் என்னைப் பிள்ளை என்பார், என் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவருடைய பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது.

மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு பெண் வந்தாள். மகனை நீச்சல் வகுப்பில் சேர்க்கும் படிவம். எல்லாம் நிரப்பியாயிற்று. அடியிலே, 'வேறு ஏதாவது நாங்கள் அறிந்திருக்க வேண்டுமா' என்று ஒரு பெரிய பெட்டி.

"பிள்ளைக்குத் தண்ணி பயமோ?" என்றார்.

"இல்லை அண்ணை."

"அப்ப பயமில்லை எண்டு போடுவம்."

"அண்ணை, எனக்கு பஸ் போகப்போகுது."

"போகட்டும். அடுத்தது வரும். காதுக்கை தண்ணி போனால் குத்துமோ?"

இன்னொருமுறை ஒரு கிழவருக்கு நடுப்பெயர் இல்லை என்று அந்தப் பெட்டியில் புங்குடுதீவு என்று ஊரை எழுதிவிட்டார். சுகாதார அட்டையும் அப்படியே வந்து சேர்ந்தது. கிளினிக்கில் நர்ஸ் அந்தப் பெயரை உடைத்து உடைத்து வாசித்துக் கூப்பிட, காத்திருந்த சனத்தில் அரைவாசிப் பேர் எழும்பி நின்றார்களாம். கிழவர் வந்து சத்தம் போட்டார். இவர் அசையவில்லை. "உண்மையைத்தானே எழுதினனான்? நீர் அந்த ஊர்தானே?" என்றார்.

நான் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஏன் அங்கிள், ஒரு பெட்டி வெறுமையா இருந்தால் என்ன குடியா முழுகப்போகுது?"

"வெறும் பெட்டி விட்டால் அவன் தன்ரை எண்ணத்துக்கு நிரப்புவான், பிள்ளை."

இந்த அவன் யார் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அரசாங்கமாக இருக்கலாம், கந்தோரில் இருக்கிற கிளார்க்காக இருக்கலாம், கடவுளாகவும் இருக்கலாம்.

அவருடைய கடைசிப் பெயர் ஒரு வெள்ளைக்காரப் பெயர். முதல் பெயர் எங்கள் எல்லாருடையதும் போல நல்ல சைவப் பெயர். தகப்பன் காலத்திலேயே குடும்பம் கிறிஸ்தவத்தை விட்டுச் சைவக் கோயிலுக்குத் திரும்பிவிட்டது. கடைசிப் பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கனடா வந்த புதிதில் அந்தப் பெயரைப் பார்த்து நேர்முகத்துக்குக் கூப்பிட்ட ஒரு கம்பனிக்காரன், வாசலில் இவரைக் கண்டதும் இவருக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தானாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கேட்கிறவர்களுக்கும் சிரிப்பு வரும்.

சிரிப்பு வராத கதை ஒன்றும் இருந்தது. எங்கள் ஆட்களுடைய கலியாண மண்டபத்தில் புது முகம் ஒன்றைக் கண்டால் முதல் கேள்வி, "ஊரிலை எவடம்?" இரண்டாவது கேள்வி, "ஆற்றை ஆக்கள்?" கனடா வந்து முப்பது வருடமானாலும், மார்க்கம் நகரில் மூன்று கராஜ் வைத்த வீடு கட்டினாலும், இந்த இரண்டு கேள்வியும் கப்பலேறி, பிளேன் ஏறி எங்களோடேயே வந்து சேர்ந்துவிட்டன. யாருடைய பேரன், எந்தப் பகுதி, எந்த வகை என்று தெரிந்தால்தான் கேட்டவருக்குச் சாப்பாட்டு மேசையில் கை நனையும். இவருடைய கடைசிப் பெயரை வைத்து ஒருவராலும் இவரை எங்கேயும் வைக்க முடியவில்லை. நாலு தலைமுறையாக ஒற்றைப் பிள்ளை வழி. மனைவி இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. ரொறன்ரோவில் தமிழனுக்குச் சொந்தக்காரர் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். இவருக்கு உண்மையிலேயே இல்லை.

அதனால் அவர் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான். "நாங்கள் அமெரிக்கன்ரை ஆக்கள்."

பூட்டனுடைய தகப்பன் ஓர் அமெரிக்கர் என்பது வீட்டுக் கதை. மிஷனரிமார் பாய்மரக் கப்பலில் யாழ்ப்பாணம் வந்த காலத்தில் அவர்களோடு வந்தவர், எங்கள் பெண் ஒருத்தியைக் கலியாணம் முடித்து அங்கேயே தங்கிவிட்டார். சாட்சிக்கு இவருடைய கண். கொஞ்சம் பூனைக்கண் சாயல்தான். என்னை ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போய், வெளிச்சத்தில் இமையை இரண்டு விரலால் விரித்துக் காட்டுவார். "தெரியுதோ?" தெரியவில்லை. "ஓம் அங்கிள்" என்பேன்.

அந்த அமெரிக்கரைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி என்னிடம் வந்ததே ஒரு படிவத்தோடுதான். நாலடி நீளக் காகிதத்தில் தன் கையாலே கோடு போட்டு வரைந்த வம்ச மரம். பெயர், பிறந்த இடம், தகப்பன், தாய் என்று ஒவ்வொருவருக்கும் நாலு பெட்டி. உச்சியில் அந்த அமெரிக்கர். அவருக்குப் பெயர் மட்டும் இருந்தது. மற்ற மூன்று பெட்டியும் வெறுமை.

"எச்சில் சோதனை ஒண்டு இருக்கு அங்கிள். ஒரு குழாய்க்குள்ளை துப்பி அனுப்பினால் ஆற்றை இரத்தம் எண்டு சொல்லிப்போடுவாங்கள்" என்றேன்.

அவருக்கு அருவருத்துவிட்டது. "துப்பிக் குடுத்தே சொந்தம் பிடிக்கிறது? காகிதத்திலை பிடிப்பம்."

இரண்டு குளிர்காலம் காகிதத்தில் பிடித்தோம். செவ்வாய்க்கிழமைகளில் எனக்குச் சனம் குறைவு. பழைய ஆவணங்களைப் படமெடுத்துப் போட்டிருக்கும் தளங்களைத் திறந்து கொடுப்பேன். கப்பல் பட்டியல், கிறிஸ்தவக் கோயில் பதிவு, கல்லறைக் கல். எனக்கு முதலில் அலுப்பு, பிறகு பழக்கம், பிறகு அவர் வராத செவ்வாய் எனக்குச் செவ்வாயாக இருக்காது. அதே கடைசிப் பெயருள்ளவர்கள் கூடிப் பேசும் ஓர் இணையப் பக்கத்தில் இவருக்காக நான் ஒரு குறிப்புப் போட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது.

மாசசூசெட்ஸில் ஒரு சின்னப் பட்டினத்திலிருந்து, ஓய்வுபெற்ற பெண் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய முன்னோர் அந்த ஊர்க் கோயிலின் பாதிரியார். பாதிரியாருக்கு ஒரு தம்பி. அந்தத் தம்பி கடலோடப் போனவன் திரும்பி வரவேயில்லை என்று வீட்டில் சொல்வார்களாம். போதாதா? தம்பி எங்கே போனான் என்று அவர்களுக்குத் தெரியாது. அமெரிக்கர் எங்கேயிருந்து வந்தார் என்று இவருக்குத் தெரியாது. இரண்டு வெறும் பெட்டியும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தன. அந்த அம்மா கடிதத்தை 'அன்புள்ள கசின்' என்று தொடங்கியிருந்தார்.

அந்தத் தாளை அவர் பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஃபோம் நிரப்ப வந்த சனம் எல்லாருக்கும் காட்டினார். அந்தக் குடும்பம் ஒவ்வொரு கோடையிலும் கோயில் முற்றத்தில் ஒன்றுகூடுமாம். இவரையும் வரச்சொல்லி அழைப்பு. கோட் சூட் தைத்தார். பஸ் டிக்கெட் எடுத்தார். "வெள்ளைக்காரரும் இழுத்து இழுத்துக் கேப்பினமோ, பிள்ளை, ஆற்றை ஆள் எண்டு?" என்று கேட்டார். "கேக்கமாட்டினம்" என்றேன். "கேக்கட்டும். இப்ப சொல்லலாம்தானே" என்றார்.

நான் அத்தோடு விடச்சொன்னேன். எத்தனை தரம் சொன்னேன்! "அந்த மூண்டு பெட்டியும் கிடக்கட்டும். போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ."

"வெறும் பெட்டியோடையே சபைக்குப் போறது? ஆர் தாய், ஆர் தகப்பன் எண்டு இல்லாமல்? அந்தத் தம்பிதான் எங்கடை ஆள் எண்டதுக்குக் காகிதம் வேணும். ஒண்டை எண்டாலும் நிரப்பித் தாரும்."

அதனால் தேடினேன். அதனால்தான் அது கிடைத்தது.

அந்தக் காலத்து மிஷன் அறிக்கை ஒன்று. யாழ்ப்பாணத்தில் விடுதிப் பள்ளியில் தங்கிப் படித்த பிள்ளைகளின் பட்டியல். இலக்கம், பெயர், வயது, யார் உதவியில் படிக்கிறார் என்று நாலு நிரல். பெயர் நிரல் முழுக்க வெள்ளைக்காரப் பெயர்கள். முதலில் ஆசிரியர்களின் பட்டியலைத் தவறிப்போய்த் திறந்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகுதான் முன்னுரையை வாசித்தேன். அமெரிக்காவில் ஒரு சபை வருடாவருடம் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்பினால், அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்பதை அந்தச் சபையே தீர்மானிக்கலாம். தங்கள் பாதிரியாரின் பெயரையோ, இறந்துபோன சொந்தப் பிள்ளையின் பெயரையோ வைப்பார்கள். எல்லாம் நல்ல மனதோடு செய்ததுதான்.

பட்டியலில் அவருடைய கடைசிப் பெயர் முழுதாக இருந்தது. வயது ஏழு. உதவி, அதே மாசசூசெட்ஸ் பட்டினத்துக் கோயில் பெண்கள். பெயர் அந்தப் பாதிரியாருடையது. கப்பலேறி ஒரு தம்பியும் வரவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளை யாரோ ஒன்று பசிக்கு அந்த விடுதிக்குப் போனது.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி இருந்தது. அடியில் குறிப்பு: காய்ச்சலில் இறந்துவிட்டான், பெயர் இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டுள்ளது. அடுத்த வருட அறிக்கையில் அதே இலக்கம், அதே பெயர், அதே ஏழு வயது. வேறு பிள்ளை. இவருடைய ஓட்டன், பூட்டனுடைய தகப்பன், அந்த இரண்டாவது பிள்ளை.

ஒன்பது நாள் நான் அதை ஒளித்தேன். செவ்வாய்க்கிழமை சுகமில்லை என்று லீவு போட்டேன். அவர் சூட்டுக்குப் பொருத்தமாக ஒரு டை வாங்கிக்கொண்டு வந்து காட்டினார். நான் நல்லாயிருக்கு என்றேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. பத்தாம் நாள் இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து அந்த வட்ட மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

அவர் படிவம் வாசிக்கிற மாதிரியே வாசித்தார். பேனா முனையால் ஒவ்வொரு நிரலாக, மேலிருந்து கீழே. கத்துவார், கிழித்துப் போடுவார், என்னைப் பேசுவார் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருந்தேன்.

"செத்த பிள்ளையின்ரை பேர் என்ன?" என்றார்.

"அந்தப் பேர்தான் அங்கிள்."

"அது குடுத்த பேர். தாய் தகப்பன் வைச்சது?"

"அதிலை இல்லை."

"ரண்டாவது பிள்ளைக்கு?"

"அதுவும் இல்லை."

"ஊர்? தகப்பன்?"

"ஒண்டுமே எழுதேல்லை அங்கிள். வயசு மட்டும்தான் இருக்கு."

அவர் வம்ச மரத்தை விரித்தார். உச்சியில் இருந்த பெயரை ஒரு கோடு போட்டு வெட்டினார். அமெரிக்கா என்று எழுதுவதற்காக இரண்டு வருடம் காத்திருந்த பிறந்த இடப் பெட்டிக்கு மேலே பேனாவை வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு அதன் ஓரத்தில் ஏழு என்று மட்டும் எழுதினார். நான் அழுதுவிட்டேன். "அழாதையும். நீர் என்ன செய்வீர்" என்றார். உண்மைதான், நான் ஒன்றும் செய்ய முடியாது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அந்த அம்மாவுக்கு எழுத வேண்டாம் என்று மன்றாடினேன். "நீங்கள் போங்கோ. கசின் எண்டே போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எவ்வளவு காலமா என்னோடை இருக்கிறீர். கையெழுத்துக்கு மேலை என்ன எழுதியிருக்கு எண்டு வாசிக்கிறேல்லையோ? மேற்கூறிய யாவும் உண்மை எண்டு போட்டிருக்கு."

அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். நாலே வரி. ஒரு வாரத்தில் பதில் வந்தது. நீண்ட கடிதம். தன் ஊர்க் கோயிலின் சிறு உதவி ஒரு பிள்ளையைக் காப்பாற்றி, அந்தப் பிள்ளையின் வழி இன்று கனடாவரை வந்திருக்கிறது என்று அறிந்து கண்கலங்கியதாக எழுதியிருந்தார். ஒன்றுகூடலுக்கு அவசியம் வர வேண்டும் என்றும், அந்த உதவி உங்கள் குடும்பத்துக்கு என்ன செய்தது என்று பத்து நிமிடம் பேச வேண்டும் என்றும் கேட்டிருந்தார். ஒரு சொல்லிலும் பிழை கண்டுபிடிக்க முடியாது. நான் கண்டுபிடிக்கப் பார்த்தேன்.

நான் வாசித்துக்காட்ட, அவர் முழுவதையும் கேட்கவில்லை. முதல் வரியிலேயே கையை நீட்டித் தாளை வாங்கிப் பார்த்தார். 'அன்புள்ள நண்பரே' என்றிருந்தது.

"கசின் போயிட்டுது" என்றார்.

அவர் போகவில்லை. மேசையில் விருந்தாளியாக இருக்க நினைத்தவரை மேடையில் ஏற்றப் பார்த்தால் எப்படிப் போவார்? அந்தக் கோடை முழுவதும் வட்ட மேசைக்கு வந்தார், மற்றவர்களுடைய படிவங்களை நிரப்பினார். இடையிடையே என்னிடம் வந்து, அந்த விடுதியின் வேறு பட்டியல், பள்ளிக்கூட வரவு இடாப்பு, ஏதாவது கிடைத்ததா என்று கேட்பார். இப்போது அவர் தேடியது அமெரிக்கரை அல்ல. ஏழு வயதில் செத்த பிள்ளைக்கு அதன் தாய் என்ன பெயர் வைத்தாள் என்று தேடினார். அந்தப் பிள்ளை இவருக்கு இரத்தச் சொந்தம்கூட இல்லை. நானும் தேடினேன். எழுத வேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுதினேன். கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒருநாள் துணிந்து சொன்னேன். "அங்கிள், ஆர் குடுத்தாலும் இப்ப அது உங்கடை பேர்தானே. அஞ்சு தலைமுறை பாவிச்ச பேர்."

"அந்தப் பிள்ளை பாவிச்ச பேர்" என்றார். பிறகு என்னைத் தேற்றுவது போல, "சும்மா சொன்னனான்" என்றார்.

அந்த இலையுதிர் காலத்தில் நூலகத்துக்குப் புதிய கம்பியூட்டர் முறை வந்தது. எல்லாரும் அட்டைக்குப் புதிதாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். சின்னப் படிவம். அவர் வட்ட மேசையில் இருந்து நிரப்பி, கையெழுத்து வைத்து, வரிசையில் நின்று கொண்டுவந்து தந்தார். நான் முதல் பெயரை அடித்தேன். அடுத்த பெட்டியைப் பார்த்தேன். கடைசிப் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது.

மறந்துபோனார் என்று நினைக்க ஆசையாக இருந்தது. அந்த மனிதர் மறக்கிற ஆள் இல்லை. பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள்.

"அங்கிள், இது இல்லாமல் கம்பியூட்டர் எடுக்காது."

"எடுக்காதோ?"

"சிவப்பாக் காட்டுது. அடுத்த பக்கத்துக்குப் போகுதில்லை."

அவர் பேனாவை எடுக்கவில்லை. இரண்டு கையையும் மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நீர் ஒண்டைப் போட்டு விடும், பிள்ளை. அப்பிடித்தானே அந்தச் சபையாரும் செய்தவை."

எனக்கு ஒரு பெயர்கூடத் தோன்றவில்லை. அவருடைய தகப்பன் பெயரைப் போடலாம் என்றோ, ஊரைப் போடலாம் என்றோ, அந்தப் புங்குடுதீவுக் கிழவருக்கு அவர் செய்த மாதிரி ஏதாவது செய்யலாம் என்றோ அந்த நேரத்தில் தோன்றவில்லை. பின்னால் நின்ற ஒரு மனிசன் செருமினான். என் விரல்கள் பழக்கத்தில் அந்தப் பழைய பெயரையே அடித்தன. சிவப்பு மறைந்து அடுத்த பக்கம் திறந்தது.

முதல் பிள்ளைக்கு, இரண்டாவது பிள்ளைக்கு, பிறகு இவருக்கு. மூன்றாம் தரம் அந்தப் பெயரைக் கொடுத்தவள் நான். நாலாம் தரமும் அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

அட்டையை நீட்டினேன். வாங்கி, பார்க்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சரி, வாறன்" என்றார்.